ஈர வாடை

"பக்கத்து வீட்டுத் துணியெல்லாம் ஏன்மா இப்படி நாறுது? நம்ம குருபோங் ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்?"

திலகவதி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பெரியநாயகிக்கு ஃபேக்டரி ஷிஃப்டுடி. துவைக்கிறதே பெரிசு" என்றாள் அம்மா முனியம்மா.

"அதுக்காகக் காயப்போடக்கூட முடியாதா? சோம்பேறித்தனம்லா!"

வரிசை வீடுகளின் பின்புறம் நல்ல வெயில் விழும் இடம் பின் லேன்தான். அங்கே ஸ்டூல் மேல் திலகவதியின் கண்ணாடிக் குழாய்கள் நின்றன. தண்ணீருக்குள் மஞ்சள் நிறத் தூள். அவளே வடிவமைத்த பாலிமர். வெயில் பட்டால் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரவேண்டும்.

"லேப் விளக்கு சரிப்படாது. நிஜ வெயிலில் செய்து காட்டு. இல்லையென்றால் இதை விட்டுவிடு" என்று கறாராகச் சொல்லித்தான் பேராசிரியர் லீவுக்கு அனுப்பியிருந்தார்.

மதியம் பெரியநாயகி பள்ளியிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை தேம்பிக்கொண்டிருந்தது. யூனிஃபார்ம் வாடை தாங்காமல் டீச்சர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம்.

திலகவதிக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்னக்கா நீங்க? எஸ்டேட்டை விட்டு டவுனுக்கு வந்தும் சுத்தம் தெரியலைன்னா எப்படி? பாவம் அந்தப் பிள்ள என்ன செஞ்சுச்சு?"

பெரியநாயகி தலையைக் குனிந்துகொண்டாள். "இனிமே பாத்துக்கிறேம்மா."

சாயங்காலத்துக்குள் குழாயின் தலையில் வாயு சேர்ந்திருந்தது. அளந்து, சோதித்துப் பார்த்த திலகவதி துள்ளிக் குதித்தாள்.

"அம்மா! ஹைட்ரஜன் வந்துருச்சு! ஜெயிச்சுட்டேன்!"

சத்தம் கேட்டுப் பெரியநாயகி ஈரத்துணி வாளியோடு ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"முடிஞ்சிருச்சாம்மா? அப்ப இனிமே இங்க கொடி கட்டிக்கலாமா?"

"யாருக்கா வேணாம்னது? இவ்வளவு நாளா எங்க காயப்போட்டீங்க?"

"வீட்டுக்குள்ளதான், ஃபேனுக்கு அடியில. துணியோட நிழல் விழுந்தா எல்லாம் வீணாப் போயிரும்னு நீ வந்த அன்னைக்குச் சொன்னியேம்மா."

சொன்னாள்தான். போகிற போக்கில் சொல்லிவிட்டு அன்றைக்கே மறந்தும் போனாள். திலகவதிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மதியம் பேசிய பேச்சென்ன!

"அக்கா... நான் அப்படித் திட்டினப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"எப்படிம்மா சொல்றது? பிள்ள அழுததைப் பாத்தப்பறம் விஷயமும் தெரிஞ்சா, நீ உடனே குழாயையெல்லாம் எடுத்து உள்ள வச்சிருப்பியே!"