அந்தமான் வரை எட்டும் கம்பி

“இன்னும் ஒரு இன்ச் வெட்டுனா வந்துடும் கெசி. வெட்டட்டுமா?”

“வேணாம் டெனிஸ். இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நாலு விரல் குறைச்சிட்ட.”

பள்ளிக்கரணையில் ஒரு மூன்று மாடிக் குடியிருப்பின் மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டி மேல் நட்ட குழாயிலிருந்து இரண்டு ஜோடி செம்புக் கம்பிகள் இரு பக்கமும் சரிந்து இறங்கின. நீள ஜோடி நாற்பது மீட்டர் அலைவரிசைக்கு. குட்டை ஜோடி இருபது மீட்டருக்கு. அளவு சரியாக அமைந்தால் கையில் இருக்கும் சோதனை மீட்டரின் முள் ஒன்று என்ற எண்ணை நெருங்கும். நீள ஜோடி மத்தியானமே வழிக்கு வந்துவிட்டது. குட்டை ஜோடி மூன்றுக்குக் கீழே இறங்க மறுத்தது.

ரேடியோவில் குறை இல்லை. காலையில் டம்மி லோடில் மாட்டிச் சோதித்தாயிற்று. அலைகளை வெளியே விடாமல் வெப்பமாக மாற்றி விழுங்கிவிடும் சின்ன டப்பா அது. பாக்கி ஆன்டெனாதான்.

மணி நாலே முக்கால். ஐந்து மணிக்கு அந்தமானிலிருந்து தனசிங் சார் பேசுவார்.

சொந்த வானொலிக் கருவியில் ஊர் ஊராகப் பேசும் ஹாம் ரேடியோக்காரர்களின் வட்டாரச் சங்கத்துக்கு அவர் தலைவர். வீடு இதே தெருமுனையில். தீவிலிருந்து பேசப் போகிறவர் என்று சங்கத்தார் பொன்னாடை போர்த்தி வழியனுப்பி நான்கு நாளாகிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது.

மழையில் செல்போன்கள் செத்துப்போனால் செய்தி அனுப்ப, சங்கம் இந்தப் பகுதியில் ஒரு வெள்ள நிலையம் வைக்கப்போகிறது. அதைத் தன் வீட்டில் வைக்கும்படி கெசியா கேட்டிருந்தாள். போன வெள்ளத்தில் தரைத்தளத்து சரோஜினி அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது, படகு கேட்க வழியில்லாமல் ஒன்பது மணி நேரம் தவித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள்.

புறப்படும் முன் அதைக் கேட்டுத் தனசிங் சார் சிரித்தார். “வீட்டுல செஞ்ச கம்பி கூடுவாஞ்சேரியத் தாண்டுமாம்மா? நான் அந்தமான் போனதும் என்கிட்ட ரெண்டு அலைவரிசையிலயும் பேசிக் காட்டு. நிலையம் உனக்கு.”

அவர் தீவிலிருந்து பேச இன்றுதான் கடைசி நாள்.

கேபிளை ஜன்னல் வழியே இறக்கி ரேடியோவில் மாட்டச் சொல்லி நண்பன் டெனிஸைக் கீழே அனுப்பினாள் கெசியா. வெட்டிய துண்டுகளையே எடுத்துக் குட்டை ஜோடியின் இரு முனைகளிலும் பற்றவைத்தாள். மீட்டர் ஒன்று புள்ளி இரண்டு காட்டியது. ஈயம் சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டே படியிறங்கி ஓடினாள்.

அறையில் டெனிஸ் இல்லை. ரேடியோவின் பின்னால் கறுப்புக் கேபிள் மாட்டியிருந்தது. இரண்டு அலைவரிசையிலும் ரேடியோ மீட்டரின் முள் ஒன்றைவிட்டு அசையவில்லை. மாடியில் பார்த்ததைவிட இன்னும் அருமை. கெசியா மைக்கை எடுத்தாள்.

தன் அழைப்புக்குறியைச் சொன்னாள். இரண்டாம் தடவையே பதில் வந்தது.

“கெசியா, ஃபைவ் நைன். முழு மார்க்கும்மா. இங்க கடல் காத்து பேயா அடிக்குது, கேக்குதா?”

கேட்டது. அவர் மைக்கில் காற்று விடாமல் இரைந்துகொண்டிருந்தது. இருபது மீட்டருக்கு மாறினார்கள். அங்கேயும் முழு மார்க்.

“உன் கம்பியச் சாதாரணமா நெனச்சிட்டேன். நிலையம் உனக்குத்தான்” என்று விடைபெற்றார்.

கெசியா நாற்காலியைச் சுற்றிவிட்டு எழுந்து குதித்தாள். ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர்.

டெனிஸ் மூச்சிரைக்க உள்ளே வந்தான். அவன் கையில் கேபிளின் முனை இருந்தது.

“ரெண்டாவது மாடி ஏகநாதன் சாரோட கொடிக்கயித்துல சிக்கிக்கிச்சு. துணியெல்லாம் கீழ விழுந்து ஒரே திட்டு. இப்பதான் எடுத்தேன். மாட்டட்டுமா?”

கெசியா குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். ரேடியோவின் கறுப்புக் கேபிள் காலையில் மாட்டிய டம்மி லோடில் போய் முடிந்தது. தொட்டாள். சுட்டது.

“டெனிஸ், இதுல பேசினா எவ்ளோ தூரம் கேக்கும்?”

“கேட்டா நம்ம தெருவுக்குள்ள கேக்கும். ஏன்?”

அவள் ஜன்னலுக்குப் போனாள். பூட்டிக் கிடந்த தனசிங் சார் வீட்டில் மாடி ஜன்னல் ஒன்று பாதி திறந்திருந்தது. உள்ளே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.