கூரையில் காலடி

கஸ்பார் இல்லாமல் கிடைத்த பாய்ப்படகு, ஒன்றுமே நடக்காததுபோல நிமிர்ந்து மிதந்தது. சின்னப் பழைய படகு. உள்ளறையில் இரண்டு பேர் படுக்கலாம். ஒருவர்கூட நிமிர்ந்து நிற்க முடியாது. அதை வாங்கிய அன்று மனைவி எமிலியா போட்ட சண்டைக்குக் கஸ்பார் சிரித்தார்.

“அடியில அம்புட்டும் ஈயம்ட்டீ. கவுந்தாலும் தானா நிமிந்துக்கும். பதறாம உள்ளயே இருந்தாப் போதும்.”

கடலில் தேடிப் படகை இழுத்து வந்த கொழுந்தன் சவரிராயன், “படகு கவுழல மைனி, பாய்மரம்கூட முறியல. அண்ணன் எங்கயாவது கரையேறியிருப்பாவ” என்றான்.

எமிலியா குனிந்து உள்ளே போனாள். கிரீஸ் டப்பா திறந்து கிடந்தது. படுக்கையில் சாய்ந்து மேலே பார்த்தாள். வெள்ளைக் கூரையில் கறுப்பு கிரீஸ் காலடிகள். வலது காலில் சுண்டுவிரல் இல்லை. கஸ்பாரின் கால்.

கொஞ்ச நேரம் இந்தக் கூரைதான் அவருக்குத் தரையாக இருந்திருக்கிறது.

படுக்கைக்கு நேர் மேலே மிதித்து மிதித்து ஒரே கறுப்பாக இருந்தது. காத்திருந்திருக்கிறார். அதன்பின் அடிகள் வாசலை நோக்கிப் போயின. கடைசி அடியில் குதிகால் இல்லை, விரல்கள் மட்டும் அழுந்திப் பதிந்திருந்தன.

“மைனி, என்ன?” வெளியிலிருந்து சவரிராயன் கேட்டான்.

அவள் எழுந்தாள். அந்த அசைவில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உடனே தானாக நிமிர்ந்துகொண்டது.