உப்புமூட்டை

"அப்பா, எனக்கு சூப்பர் பவர் வந்துடுச்சு!"

காஷ்மீர் முகாமில் குரல் மட்டுமே எட்டும் சிக்னலில், ஆவடி குவார்ட்டர்ஸுக்குப் போன் போட்டிருந்த ஜவான் ஜாக்சனுக்குச் சிரிப்பு வந்தது. ஏழு மாதமாக லீவு கிடைக்கவில்லை. பத்து வயது மகள் ரெனிதா எந்நேரமும் காமிக்ஸும் கையுமாக இருப்பவள்.

"இன்னா பவர்டி?"

"பலம்! பாத்ரூம்லேர்ந்து கட்டில் வரைக்கும் அம்மாவ உப்புமூட்டை தூக்கிகினு வந்தேன்."

"ரீல் உடாத. அம்மா அறுபது கிலோ. தண்ணி கேனைத் தூக்குவியா?"

"அத ஸ்டாண்டு மேல ஏத்த இன்னும் முடியலப்பா."

ஜாக்சன் வாய்விட்டுச் சிரித்தான். "உன் காமிக்ஸ்ல யாருக்கும் சும்மா பவர் வராதே. உன்னை சிலந்தி கடிச்சுதா?"

"சிலந்தி கடிச்சா சொறிதாம்பா வரும்."

"மின்னல் அடிச்சுதா?"

"இல்லப்பா, கதிர்! ஆஸ்பத்திரில தினம் அம்மாவ பெரிய மெஷின்ல படுக்க வச்சு கதிர் குடுக்கறாங்க இல்ல? வெளிய வந்ததும் அம்மா கைய நான்தான புடிச்சிக்கறேன். எனக்கும் ஒட்டிகிச்சு."

ஜாக்சனின் சிரிப்பு நின்றது.

"ரெனி, அம்மா தையல் கிளாஸுக்குப் போறதாத்தான சொன்னா?"

"ஐயோ, உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா ப்ராமிஸ் வாங்கிச்சுப்பா. பவர் இருக்கறவங்க ரகசியமா வச்சிக்கணுமாம்."

"அம்மாகிட்ட போனைக் குடும்மா."

"போன் சார்ஜ்ல கீதுப்பா. இரு, அம்மாவைத் தூக்கிகினு வர்றேன்."