ஒரு ஆளுக்கு ரூம்

"தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் தர்றதில்லம்மா" என்று சொல்லிவிட்டு லாட்ஜ் மேனேஜர் பதிவேட்டை மூடினார்.

அவள் நகரவில்லை.

விடியற்காலையில் கிளம்பி, இரண்டு இடத்தில் பஸ் மாறி, கடைசி வண்டியில் பாதித் தூரம் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்திருந்தாள். சுற்றுலா வருகிறவர்கள் எட்டிப் பார்க்காத சின்ன ஊர். இருந்த மூன்று லாட்ஜில் இதுதான் மலிவு.

"ஏன் தர்றதில்ல?"

"பிரச்சினை வரும்மா. போன வருஷம் இப்படித்தான் தனியா வந்த ஒருத்தங்க..." மேனேஜர் தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"நான் சாக வரலைங்க. கடல் பாக்க வந்திருக்கேன்."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. "வீட்டுக்காரர் நம்பர் குடுங்க. ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

"எனக்கு நாப்பத்தாறு வயசாகுது. என்னைக் கேளுங்க."

மேனேஜர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அவள் எதிரில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு குடும்பம் வந்து சாவி வாங்கிப் போனது. இரண்டு வியாபாரிகள் வந்தார்கள். தண்ணீர் கேன் போடுகிறவர் வந்து, அவளை ஒரு தரமும் மேனேஜரை ஒரு தரமும் பார்த்துவிட்டுப் போனார். அவள் அப்படியே இருந்தாள். ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பத்தொன்பது வருடம் நின்றே வேலை பார்த்தவளுக்கு உட்கார்ந்திருப்பது ஒரு வேலையே இல்லை.

முக்கால் மணி நேரம் கழித்துப் பதிவேடு திறந்தது.

"மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது" என்றார் மேனேஜர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அறைக்குள் நுழைந்ததும் படுக்கை விரிப்பை இழுத்து மோந்து பார்த்தாள். அதைச் சுருட்டிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி வந்து அவருடைய மேஜை மேல் வைத்தாள்.

"இது துவைச்சது இல்ல. மடிச்சு வெச்சது."

அவர் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார்.

திரும்ப மேலே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கதவைத் தோளால் இடித்துப் பார்த்தாள். கெட்டியாகத்தான் இருந்தது. குளியலறைச் சுவரில் எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று விரலால் தடவினாள். பிறகு தெருவில் இறங்கி, மருந்துக் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று விசாரித்தாள். போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று கேட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு வழியாக நடந்து போய், இன்னொரு வழியாகத் திரும்பி வந்தாள்.

பயமா என்று யாராவது கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பாள். பயத்தோடேதான் நடந்தாள்.

ஓட்டலில் ஓரமாக இருந்த சின்ன மேஜையைக் காட்டினார்கள். அவள் நடுவில் இருந்த நாலு பேர் மேஜையில் போய் உட்கார்ந்தாள். யாருக்கும் பரிமாறாமல், யார் தட்டிலும் என்ன குறைகிறது என்று பார்க்காமல், சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டு முடித்தாள். கடைசியாக எப்போது இப்படிச் சாப்பிட்டோம் என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்தபோது கடலுக்குப் போனாள்.

காலண்டரில் இருப்பது போல நீலமாக இல்லை. கஞ்சி போட்ட துணியை அலசிய தண்ணீர் மாதிரி இருந்தது. ஆனால் அந்தச் சத்தம்! சலவைப் பிரிவின் ஒன்பது இயந்திரங்களும் ஒரே நேரத்தில் சுற்றினாலும் அந்தச் சத்தம் வராது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால் ஆழத்துக்கு இறங்கினாள். அடுத்த அலை இடுப்பு வரை நனைத்தது. வாய்விட்டுச் சிரித்தாள். கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

பார்க்கட்டும்.

பைக்குள் போன் அடித்தது. கணவர். மதியத்திலிருந்து இது எட்டாவது முறை. இந்த முறை எடுத்தாள்.

"எங்கடி இருக்க? ஆஸ்பத்திரில கேட்டா லீவுங்கறாங்க!"

"கடல்ல நிக்கிறேன்."

"யார்கூட?"

"யார்கூடயும் இல்ல. தனியாத்தான் வந்தேன். தங்கிட்டு நாளைக்கு வருவேன்."

அவர் கத்த ஆரம்பித்தார். பாதி அலைச் சத்தத்தில் போய்விட்டது. மீதி ஓயும் வரை பொறுமையாகக் காதில் வைத்திருந்தாள்.

"முடிஞ்சுதா? இப்ப நான் சொல்றேன், கேளுங்க. நம்ம குடும்பத்துல எந்தப் பொம்பளையும் தனியா எங்கயும் போனதில்லன்னு சொல்லித்தானே, நம்ம பொண்ணு கடல் பாக்க இந்த ஊருக்கு எடுத்து வெச்சிருந்த டிக்கெட்டை முந்தாநாள் கிழிச்சுப் போட்டீங்க? அவ அழுதுகிட்டே என்னைப் பாத்தா. நான் வாயே திறக்கல."

இன்னொரு அலை வந்தது. போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே நீங்க அப்படிச் சொல்ல முடியாது. போனை அவகிட்ட குடுங்க."

வைத்துவிட்டார் என்றே நினைத்தாள். பிறகு போன் கை மாறுகிற சலசலப்பு.

"அம்மா?"

"ஊரு நல்லாத்தான்டி இருக்கு" என்றாள். "வேற டிக்கெட் எடு."