முட்டு கொடுக்காத கார்

காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. நீல ஓவரால், தொடை வரை பழைய கறை, தேய்ந்த பூட்ஸ். பக்கத்தில் ரேடியோ கிரிக்கெட் சொல்லிக்கொண்டிருந்தது.

நொயலீன் திறந்த பானெட்டுக்கு முன்னால் நின்று பீட்ரூட் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். அறுபத்திரண்டு வயது. நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

வெள்ளை பிக்கப் வண்டி ஒன்று கேட்டை ஒட்டி வந்து நின்றது. நொயலீன் மெல்லுவதை நிறுத்தினாள்.

போன வாரம் இதே தெருவில் வில்மா வீட்டுக்கு வந்ததும் வெள்ளை வண்டிதான். பழைய சாமான் இருக்கிறதா என்று கேட்டார்கள், தனியாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் உள்ளே புகுந்துவிட்டார்கள். வில்மா இன்னும் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு கிடக்கிறாள். பெண்டிகோ ஊர் முழுக்க அதே பேச்சு.

இறங்கியவனுக்கு முப்பது வயதிருக்கும். இன்னொருவன் இன்ஜினை அணைக்காமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

"அருமையான கார்ம்மா. எண்பத்தி நாலு மாடல்தானே? இதெல்லாம் அந்தக் காலத்துல பணக்காரங்க ஏறுன வண்டி. விக்கிறீங்களா?"

"இல்ல தம்பி."

"தனியாவா இருக்கீங்க?"

"கண்ணு தெரியலையா? அதோ வீட்டுக்காரர் டெஸ் படுத்திருக்காரே."

அவன் கால்களைப் பார்த்தான். "என்ன சார், அடியில வெக்கையா இருக்கா?"

ரேடியோவில் யாரோ அவுட் ஆனார்கள்.

"சாருக்குக் காது மந்தமோ?"

"வேலையில இறங்கிட்டா இடி விழுந்தாலும் கேக்காது அவருக்கு."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்து உள்ளே வந்தான். பார்வை காரில் இல்லை, சமையலறைக் கதவில் இருந்தது. அது திறந்தே கிடந்தது.

பூட்ஸுக்குப் பக்கத்தில் வந்தவன் நின்றுவிட்டான். அவனுக்குக் கார் தெரிந்திருந்தது. திருடினாலும் தொழில் தெரிந்தவன்.

"இதுக்கு ஸ்பிரிங்கே கிடையாதேம்மா. எண்ணெய் அழுத்தத்துலதானே நிக்குது. முட்டு கொடுக்காமலா படுத்திருக்காரு?"

நான்கு இரும்பு முட்டுகளும் சுவரோரமாக வரிசையாக நின்றன. இன்ஜினை நிறுத்தினால் மெல்ல மெல்லத் தரையில் உட்கார்ந்துவிடுகிற ஜாதிக் கார் அது. இதை வைத்திருக்கிற எவனும் முட்டு வைக்காமல் அடியில் தலையைக் கொடுக்க மாட்டான்.

நொயலீன் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஆனா போதும் தம்பி, இந்தக் காரோடதான் குடும்பம் நடத்துவாரு. பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்கிறதே ஞாபகம் வராது. நானும் எத்தனை வருஷம்தான் பொறுக்கிறது?"

பானெட்டுக்குள் கையை விட்டு ஒரு திருகைப் பிடித்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

அரைச் சுற்று திருப்பினாள். உள்ளே எண்ணெய் சீறியது. அந்தப் பெரிய காரின் மூக்கு கொஞ்சம் தாழ்ந்தது.

"அம்மா, அவரு அடியில இருக்காரு."

"தெரியும்."

கார் அவசரமே இல்லாமல் இறங்கியது. ஓவராலின் தொடை மேல் அதன் விளிம்பு அழுந்தியது. அடியில் ஏதோ காய்ந்த சருகு மாதிரி நொறுங்கியது. ரேடியோவில் ஜனங்கள் கை தட்டினார்கள். அப்போதும் அந்தக் கால்கள் அசையவில்லை.

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "முன்னாடியே ஆளை முடிச்சுட்டியா நீ?"

நொயலீன் துணியால் ஸ்பேனரை நிதானமாகத் துடைத்தாள். "போலீஸ் வந்தா பார்த்ததைச் சொல்ல ஆள் வேணும். உன் பேர் என்ன தம்பி? அந்த வண்டியில இருக்கிறவன் பேரும் சொல்லு."

பேர் சொல்ல அவன் நிற்கவில்லை. கேட்டில் இடித்துக்கொண்டு ஓடினான். அவன் கதவைச் சாத்துவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

தெருமுனையில் அது திரும்பும் வரை நொயலீன் அப்படியே நின்றாள். அதற்குப் பிறகுதான் உள்ளே போய்ப் போலீஸைக் கூப்பிட்டு, வண்டி நம்பரைத் திணறாமல் சொன்னாள். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள். சமையலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

திருகை இறுக்கி இன்ஜினை ஓடவிட்டாள். கார் முனகிக்கொண்டே எழுந்தது. நான்கு முட்டுகளையும் ஒவ்வொன்றாக வைத்து, இன்ஜினை நிறுத்தி, வண்டியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள்.

பிறகு பூட்ஸ் இரண்டையும் ஒரே கையால் பிடித்து இழுத்தாள். ஓவரால் கனமே இல்லாமல் வந்தது. அதன் கிழிந்த இடுப்பிலிருந்து கசங்கிய செய்தித்தாள்கள் தரையில் சிந்தின. நொயலீன் டார்ச்சை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் மல்லாந்து படுத்தாள்.

"நகரு டெஸ், உயிரோட இருந்தப்பவே நீ இந்த வேலையை முடிச்சதில்ல."