பாப்பாவின் மெத்தை

நான்கு அடி.

சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பாப்பா தானாகவே நான்கு அடி வைத்தாள். ஐந்தாவதில் தொப்பென்று உட்கார்ந்தாள். அழவில்லை. அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

அக்காவுக்குத்தான் கண் கலங்கியது.

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒன்பது நாள்.

“பாப்பா நடக்கட்டும் கண்ணு. அவ நடந்துட்டா நீ மறுக்கா இஸ்கூலுக்குப் போ. நானே கொண்டாந்து உடறேன்.”

ஒன்பதாம் வகுப்பின் பாதியில் அவளை நிறுத்தியபோது அம்மா சொன்னது. மூன்று மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு பனியன் கம்பெனிக்குப் போக முடியாது. யாராவது வீட்டில் இருக்க வேண்டும்.

இப்போது பாப்பா நடந்துவிட்டாள்.

அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறினாள். சிலாப்பின் மேல், அண்டாவுக்குப் பின்னால், பிளாஸ்டிக் பையில் சுற்றிய பொட்டலம். அவளுடைய யூனிபார்ம். அம்மா கட்டி வைத்தது. பூச்சி உருண்டை போட்டிருக்கிறது, திறக்காதே என்றிருந்தாள்.

அவள் திறந்ததே இல்லை. சிலாப்பைத் துடைக்கும் போதெல்லாம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பாள். மெத்தென்று இருக்கும். அது போதும்.

வெயிலில் போட வேண்டும். தேய்க்க வேண்டும். இடுப்பில் கொஞ்சம் பிரித்துவிட வேண்டியிருக்கும்.

முடிச்சை அவிழ்த்தாள்.

அப்பாவின் பழைய லுங்கி.

யூனிபார்மின் அளவுக்கு, ஓரம் பிசகாமல் மடித்த லுங்கி.

உதறினாள். பூச்சி உருண்டை ஒன்று தரையில் விழுந்து ஓடியது. பாப்பா எடுப்பதற்குள் இறங்கிப் பொறுக்கினாள். வேறு எதுவும் விழவில்லை.

அந்த வீட்டிலிருந்து ஒரு துணியும் வெளியே போனதில்லை. அப்பாவின் பேண்ட் அடுப்படியில் பிடிதுணி. அம்மாவின் நைட்டி தலையணை உறை. சித்தி கொடுத்த சுடிதார் ஜன்னல் திரை. பனியன்கள் தரை துடைக்க. எல்லாம் அவள் கையால் வெட்டியது.

வெட்டுவதற்கு முன் துணியை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். அம்மாவின் சட்டம் அது. புள்ளி புள்ளியாக வெளிச்சம் வந்தால் நைந்துவிட்டது, வெட்டலாம். வராவிட்டால் அது இன்னும் உடுப்புதான். கத்தரி படக்கூடாது.

லுங்கியைப் பிடித்துப் பார்த்தாள்.

சல்லடை.

வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஒரே அறை. எந்தத் துணி எதிலிருந்து வந்தது என்று அவளால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும்.

ஒன்றைத் தவிர.

பாப்பாவின் மெத்தை.

மேலேயும் கீழேயும் அம்மாவின் பழைய சேலை. நடுவில் பழந்துணி. அம்மாவே அடுக்கி, மூடிக் கொடுத்தாள்.

“ஓரத்த மட்டும் தெச்சுரு கண்ணு. இந்த ஊட்டுல உனக்குத்தான் கை நேரா வருது.”

அந்த ஒரு வார்த்தைக்காக நான்கு பக்கமும் நெருக்கி நெருக்கித் தைத்தாள். வெள்ளை நூலில். அன்றிலிருந்து தினமும் அலசினாள். தினமும் விரித்தாள். அதன் மேல் பாப்பாவைத் தட்டித் தூங்கவைத்தாள்.

கத்தரி நுனியால் தன் தையலைத் தானே பிரித்தாள். நேரமானது. நல்ல தையல்.

நீலம்.

அவளுடைய யூனிபார்ம் கோட்டு. பாக்கெட்டுக்குக் கீழே மைக்கறை. அறிவியல் பரீட்சையன்று பேனா ஒழுகியது.

முதுகின் நடுவே, கழுத்திலிருந்து கீழ்வரை, ஒரே வெட்டு. படிவதற்காக இரண்டாக்கி வைத்திருந்தது. அடியில் யூனிபார்ம் சுடிதாரும் அப்படியே.

இந்த மெத்தையைத் தைத்தது எப்போது என்று யோசித்தாள்.

பாப்பா நடக்கட்டும் என்று அம்மா சொன்ன அதே வாரம்.

மதியச் சாப்பாட்டுக்கு அம்மா வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாப்பா எழுந்துவிட்டாள். ஒன்று. இரண்டு. ஏழு அடி வைத்துப் போய் அம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

“அடி என்ற தங்கமே! நடக்கறயா? அக்காளுக்கு இனி உம்பட பொறவாலயே ஓடத்தான் நேரம் இருக்கும்!”

தூக்கி முத்தம் கொடுத்தவள் நிமிர்ந்தாள். தரையில் வாய் பிளந்து கிடந்தது மெத்தை. பக்கத்தில் லுங்கி.

முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு போயிற்று.

“அது... நைஞ்சு போன துணி கண்ணு.”

அவள் கோட்டின் இரண்டு பாதிகளையும் எடுத்து, சேர்த்து, ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.

ஒரு புள்ளி இல்லை.

இரண்டு பாதிக்கும் நடுவே மட்டும், கத்தரி ஓடிய நீளத்துக்கு, வெளிச்சம் வந்தது. பாப்பா அதைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

அம்மா தரையைப் பார்த்தாள்.

அவள் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊசி டப்பாவைத் திறந்தாள். நூல் நுனியை எச்சிலில் தொட்டுக் கோத்தாள். முடிச்சுப் போட்டாள்.

ஊசியை அம்மாவிடம் நீட்டினாள்.

வெள்ளை நூல் அல்ல.

நீலம்.