நாற்பது காலிப் பெட்டிகள்

"கவிழ்த்துக் கொட்டுய்யா. ஒவ்வொண்ணா எடுத்துப் பாரு."

கரைக் கிடங்கு மேஸ்திரி நிழலில் நின்றபடியே சொன்னார். கப்பலின் பீரங்கிக்காரர் வெயிலில் மண்டியிட்டு முதல் பெட்டியைக் கவிழ்த்தார். சுட்டு முடித்த பித்தளை உறைகள் சிமெண்டுத் தரையில் கலகலவென்று உருண்டன.

போர்க்கப்பல் பழுதுபார்ப்புக்குப் போகிறது. அதற்கு முன் உள்ளே இருக்கும் வெடிப்பொருள் அத்தனையும் கரைக் கிடங்குக்கு வந்துவிட வேண்டும். காலையில் ஏவுகணைகள் இறங்கின. கிரேன் ஒவ்வொன்றாகத் தூக்கி வண்டியில் வைக்கும் வரை துறையில் ஒருவரும் எச்சில்கூட விழுங்கவில்லை. அப்புறம் குண்டுகள், தோட்டாக்கள். கடைசியாக, வெற்று உறைகள் மட்டும் கிடக்கும் இந்த நாற்பது காலிப் பெட்டிகள்.

காலிப் பெட்டிக்கு யார் பயப்படுவார்கள்?

மேஸ்திரியின் தம்பியும் பயப்படவில்லை. ஆறு வருடத்துக்கு முன் இதே கப்பலின் காலிப் பெட்டிகளைக் கரைக் கிடங்கு ஆளாகப் பொறுப்பேற்று வாங்கியவன் அவன்தான். ஒன்றின் அடியில், சுடும்போது வெடிக்காமல் போன தோட்டா ஒன்று கிடந்தது. மறுநாள் உறைகளை நசுக்கும் மெஷினில் அதையும் சேர்த்துக் கொட்டினான். வீட்டுக்கு வந்த சவப்பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்குக் கப்பலில் பார்த்து அனுப்பியவர் இந்தப் பீரங்கிக்காரர். "கரை ஆள் கொட்டிப் பார்க்கணும்னுதான் சொன்னார். நான்தான் தேவையில்லைன்னு தடுத்தேன்" என்று விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். சட்டைக் கையிலிருந்த பதவிப் பட்டைகளைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

மேஸ்திரிக்கு அது போதவில்லை. ஆறு வருடமாக இந்தக் கப்பல் திரும்பி வரட்டும் என்றுதான் காத்திருந்தார்.

"அண்ணே, பாவம்ணே" என்றார் கிரேன்காரர். "ரிட்டையராகப் போற மனுஷன். இந்த வெயில்ல முட்டி தேஞ்சிடும்."

"என் தம்பிக்கு முட்டியே கிடைக்கலடா. நீ போய் உன் கிரேனைப் பாரு."

கிரேன்காரர் கிரேன் பக்கம் நடந்தார்.

பதினேழாவது பெட்டியில் பீரங்கிக்காரரின் விரல் கிழிந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டார்.

"என்ன, வலிக்குதோ? 'தேவையில்லை, பார்த்தாச்சு'ன்னு இன்னிக்கும் சொல்லேன், கேப்போம்."

"சொல்ல மாட்டேன் மேஸ்திரி."

"எப்படிச் சொல்வே? காலையில வாசல்ல என் தம்பி பொண்டாட்டி கையில லைட்டரைக் கொடுக்கிறப்பவே உன் தலை நிமிரலையே."

துறைக்குள் போகிறவர்களிடம் தீப்பெட்டி, லைட்டர், செல்போன் எல்லாம் வாங்கி வைப்பது அவள் வேலை. புருஷன் போனதற்காகக் கொடுத்த வேலை. அதை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளையும் கரையேற்றிக்கொண்டிருக்கிறாள்.

பீரங்கிக்காரர் பதினெட்டாவது பெட்டியைக் கவிழ்த்தார். ஒவ்வொரு உறையையும் எடுத்து, திருப்பி, அதன் வாயில் விரலைவிட்டுப் பார்த்து, திரும்பப் பெட்டியில் வைத்தார். மேஸ்திரியின் கண் உறைகள் மேல் இல்லை. அந்த ஆளின் முழங்கால் சிமெண்டில் தேய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பதும் முடிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பீரங்கிக்காரரால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே பெட்டிச் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு கையெழுத்து வேண்டும். கப்பல் ஆள் கொட்டிப் பார்த்து ஒன்று. கரை ஆளும் தன் பங்குக்குத் தனியாகக் கொட்டிப் பார்த்து ஒன்று.

வேலை முடியும் சங்கு ஊதியது. மேஸ்திரி சீட்டுகளைக் கொத்தாக வாங்கி, பெட்டி மேல் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"மேஸ்திரி, நீங்க இன்னும் கொட்டிப் பார்க்கலியே?"

"நாற்பதையும் மறுபடி கொட்டச் சொல்றியா? அதான் நீ பார்த்துட்டியே, போதும். பஸ் போயிடும்."

பீரங்கிக்காரர் சட்டென்று எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். கைக்குட்டையின் ரத்தம் சீட்டில் பட்டது.

"போடாதீங்க. உங்க தம்பியும் அன்னிக்கு இதையேதான் சொன்னார்."

"என்னய்யா உளர்றே? அவன் பார்க்கணும்னு சொன்னான், நீதான் தடுத்தே. உன் வாயாலயே ஒத்துக்கிட்டியே!"

"அந்தத் தோட்டா என் கண்ணுல தப்பினது நிஜம். அது நான் சாகிற வரைக்கும் என்னை விடாது. ஆனா நான் தடுக்கலை மேஸ்திரி. 'நீங்களும் ஒரு தடவை பாருங்க'ன்னு கெஞ்சினேன். 'நீங்க பார்த்தா போதும், பஸ் போயிடும்'னு சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டார்."

மேஸ்திரி பேனாவை மூடினார்.

"அப்ப விசாரணையில ஏன்யா அப்படிச் சொன்னே?"

பீரங்கிக்காரர் வாசல் பக்கம் பார்த்தார். தம்பியின் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, வேலை முடிந்து போகிறவர்களுக்கு லைட்டர்களைப் பேர் பார்த்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பார்க்காம கையெழுத்துப் போட்டவர் சம்சாரத்துக்கு அந்த நாற்காலியைக் கொடுத்திருப்பாங்களா, மேஸ்திரி?"